முதியோரின் மீள்திறனை அளந்தபோது

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிய உணவு முடிந்த நேரத்தில் என்னைப் பேச விட்டிருக்கிறார்கள். ஏழாம் வகுப்பின் ஐந்தாம் பாடவேளை எப்படி இருக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். அதனால் நடந்ததிலிருந்தே தொடங்கிவிடுகிறேன்.

'எழுத்தறிவு மைய அனுபவங்கள்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் தேர்வு எழுதினார்கள் என்பதெல்லாம் பதிவேட்டில் இருக்கிறது. நான் சொல்ல வந்தது எங்கள் மையத்து முதியவர்களிடம் நடந்த இன்னொரு தேர்வைப் பற்றி. அந்தத் தேர்வில் பதில் சொன்னவர்கள் அவர்கள். தவறு செய்தவள் நான்.

எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம். எங்கள் நடுநிலைப் பள்ளியில் புதிய பாரத எழுத்தறிவுத் திட்ட மையம் மாலையில் நடக்கிறது. வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். காலையில் பேரன் உட்கார்ந்த இடத்தில் மாலையில் அப்பாயி உட்காருவார்.

எங்களிடம் படித்த பிள்ளை ஒருத்தி இப்போது முதுநிலை செவிலியர் படிப்புப் படிக்கிறாள். முதியோர் இல்லத்திலோ மருத்துவமனையிலோ இல்லாமல், ஊரில் தம் வீட்டிலேயே வாழும் முதியவர்களின் மீள்திறனை அளப்பது அவளுடைய ஆய்வேட்டின் பொருள். "டீச்சர், நீங்க பக்கத்துல இருந்தா பாட்டிங்க பயப்படாம பதில் சொல்லுவாங்க" என்றாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. சரி என்றேன்.

மீள்திறன் என்றால் என்ன? நான் அறிவியல் ஆசிரியை. எனக்கு உடனே நினைவுக்கு வருவது சுருள்வில். எடையைத் தொங்கவிட்டால் நீள்கிறது, எடுத்தால் பழைய நிலைக்கு வருகிறது. மனிதர்களிடத்தில் இது துணையை இழப்பது, நோயில் படுப்பது, புயலில் வீட்டையும் தோப்பையும் இழப்பது போன்ற அடிகளுக்குப் பிறகு ஒருவர் எந்த அளவுக்குத் தன் வாழ்க்கைக்குத் திரும்புகிறார் என்பது. முதுமையில் இந்த அடிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒன்றிலிருந்து எழுவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். அதனால் இதை யாராவது அளந்து பார்க்கத்தான் வேண்டும்.

அளப்பதற்குக் கருவிகள் இருக்கின்றன. அந்தப் பிள்ளை கொண்டுவந்து கொடுத்தவற்றைப் படித்தபோது ஒரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்காவில் வாக்னில்டு, யங் என்ற இரு ஆய்வாளர்கள் 1993இல் மீள்திறன் அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள். அதற்கு முன் அவர்கள் 24 வயதான பெண்களிடம் போய் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். எல்லோரும் பெரிய இழப்பைச் சந்தித்து அதிலிருந்து நன்றாக எழுந்தவர்கள். எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டு, அவர்கள் சொன்னதிலிருந்து கேள்விகளை உருவாக்கினார்கள். மொத்தம் 25 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். குறைந்தது 25, அதிகம் 175. பாட்டிமாரின் பேச்சிலிருந்து வினாத்தாள் பிறந்திருக்கிறது என்று நினைத்தபோது நெருக்கமாக இருந்தது.

ஆனால் அடுத்த வரியில் கொஞ்சம் தயங்கினேன். அந்த அளவுகோலை முதியோர்களிடம் சோதித்துப் பார்த்தபோது பதில் எழுதியவர்கள் 810 பேர். முதியோருக்கான ஒரு பத்திரிகையின் வாசகர்கள். அதாவது படிக்கத் தெரிந்தவர்கள், பத்திரிகை வாங்குகிறவர்கள், வந்த தாளை நிரப்பித் திருப்பி அனுப்பும் அளவுக்கு உடலும் மனமும் இருந்தவர்கள். நம் மையத்துக்கு வருகிறவர்களோ கையெழுத்துப் போடக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள்.

25 கேள்வி நீளம் என்று அந்தப் பிள்ளை வேறொன்றைத் தேர்ந்தெடுத்தாள். 2008இல் ஸ்மித்தும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட குறு அளவுகோல். ஆறே கேள்விகள். மூன்று நேராகக் கேட்கும்: கஷ்டம் வந்தால் சீக்கிரம் எழுந்துவிடுவீர்களா என்கிற மாதிரி. மற்ற மூன்று எதிராகக் கேட்கும்: அதிலிருந்து வெளியே வர நெடுநாள் பிடிக்குமா என்கிற மாதிரி. ஒவ்வொன்றுக்கும் 'சற்றும் உடன்படவில்லை' முதல் 'முற்றிலும் உடன்படுகிறேன்' வரை ஐந்து படிகள். எதிர்க் கேள்விகளின் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட்டு, ஆறையும் கூட்டிச் சராசரி எடுக்க வேண்டும். 3.00க்குக் கீழே குறைவு, 3.00 முதல் 4.30 வரை இயல்பு, அதற்கு மேல் உயர்வு.

தமிழில் மொழிபெயர்த்து, அதை இன்னொருவரிடம் கொடுத்து மறுபடி ஆங்கிலமாக்கி, மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். முறைப்படி செய்தாள், குறை சொல்ல முடியாது. ஆனால் 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்று எங்கள் ஊரில் யாராவது பேசுவார்களா? அங்கேதான் நான் என் ஆசிரியர் மூளையைக் காட்டினேன். எண்ணும் எழுத்தும் வகுப்பில் எண்ணிக்கைக்குப் புளியங்கொட்டை வைத்திருக்கிறோம் அல்லவா, அதையே கொடுத்தேன். "ஆமாம்னு நல்லாத் தோணுச்சுன்னா அஞ்சு கொட்டை வைங்க. இல்லவே இல்லைன்னா ஒண்ணு வைங்க." எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்று நினைத்தோம். ஒரு மாலையில் பதினைந்து பேரை முடித்தோம். எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

கடைசி வரிசையில் உட்காரும் அப்பாயி ஒருவர் இருக்கிறார். எழுபதுக்கு மேல் இருக்கும். சரியான வயது அவருக்கே தெரியாது, 1977 நவம்பர் புயலில் மூத்த மகன் கைக்குழந்தை என்பார். அவர் அனுமதி கொடுத்ததால்தான் இங்கே சொல்கிறேன், பெயர் வேண்டாம். ஆறு கேள்விக்கும் ஐந்தைந்து கொட்டை வைத்தார். ஒவ்வொரு முறையும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வைத்தார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நேர்க் கேள்வி மூன்றுக்கும் ஐந்து, மொத்தம் 15. எதிர்க் கேள்வி மூன்றையும் திருப்பினால் ஒவ்வொன்று, மொத்தம் 3. கூடுதல் 18, ஆறால் வகுத்தால் 3.00. இயல்பு. எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு கொட்டை வைத்திருந்தாலும் இதே 3.00 தான். எல்லாவற்றுக்கும் மூன்று வைத்தாலும் இதேதான். கேள்வியே காதில் விழாமல், கைக்கு வந்ததை ஒரே மாதிரி வைத்துக்கொண்டு போனால் கிடைக்கும் விடையின் பெயர் 'இயல்பு'. இதையே எல்லாக் கேள்வியும் நேர்க் கேள்வியாக இருக்கும் அந்த 25 கேள்வித் தாளில் கேட்டிருந்தால் 175க்கு 175 வாங்கியிருப்பார். எதிர்க் கேள்வி வைப்பதே இப்படித் தலையாட்டுவதைச் சமன்செய்யத்தான். ஆனால் சமன்செய்த பிறகு அந்த மனுஷியைப் பற்றி நம்மிடம் எதுவும் மிஞ்சுவதில்லை. விடைத்தாளைத் தனியாக எடுத்து வைத்து, மறுபடி கேட்டிருக்க வேண்டும். நாங்கள் 'இயல்பு' என்று எழுதிக்கொண்டு அடுத்தவரிடம் போய்விட்டோம்.

மூன்று வாரம் கழித்து அப்பாயி மையத்துக்கு வருவது நின்றது. நான்காவது நாள் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் சுருண்டு படுத்திருந்தார். தலை சுற்றுகிறது என்றார். பேசப் பேசத்தான் விஷயம் வந்தது. இரண்டு மாதமாக ரேஷன் அரிசி வாங்கவில்லை. ஆயுசெல்லாம் மட்டை உரித்து, கயிறு திரித்த கை, ரேகை தேய்ந்துபோயிருக்கிறது. "பெரட்டிப் பெரட்டி வச்சுப் பாத்தாச்சு. மிசினு ஏத்துக்க மாட்டேங்குது." காலையில் நீராரம், ராத்திரிக்குக் கொஞ்சம் சோறு. அந்தச் சோற்றுக்கு அரிசி எப்படி என்றால், பக்கத்து வீட்டுக் கொட்டகைக்குக் கீற்று முடைந்து கொடுத்துப் படியரிசி வாங்கிக்கொண்டிருக்கிறார். வயதானவர்கள் தமக்குப் பதிலாக ஒருவரை நியமித்து எழுதிக் கொடுத்தால் அவர் போய்ப் பொருள் வாங்கிவர வழி இருக்கிறது. அது அவருக்குத் தெரியாது. தினமும் அவருக்கு எழுத்துக் கற்பித்த எனக்கும் அவர் ரேஷன் வாங்குகிறாரா என்று தெரியாது.

"அப்பாயி, அன்னிக்குக் கேட்டமே, கஷ்டமா இருக்கான்னு. அப்ப ஏன் சொல்லல?"

"அந்தப் பிள்ள மார்க்கு வாங்கணும்ல. கொட்டை நெறைய விழுந்தாத்தான நல்லது? அதான் எல்லாத்துக்கும் அஞ்சு வச்சேன். நீங்க வேற பாத்துக்கிட்டே நின்னீங்க."

அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. என் முன்னால் கஷ்டம் என்று சொன்னால் டீச்சருக்குக் குறைச்சல் என்று நினைத்திருக்கிறார். பயம் போக்கத்தான் நான் நின்றேன். நான் நின்றதாலேயே உண்மை வராமல் போனது. ஆய்வாளர் தேர்வுக்கு வரும்போது வகுப்பு ஆசிரியர் பின்னால் நின்றால் பிள்ளைகள் எப்படிப் பதில் சொல்லும் என்று நமக்குத் தெரியாதா?

இதற்கு நேர்மாறாக ஒரு பெரியவர். அந்தப் பிள்ளை அவர் தோப்புக்கே போய்க் கேட்டாள். செய்தித்தாள் படிக்கிறவர், கேள்வி நன்றாகப் புரிந்தது. மதிப்பெண் 1.83. குறைவு. அவளுடைய பட்டியலிலேயே கடைசி. ஆனால் அவர் யார் என்று ஊருக்குத் தெரியும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது எங்கள் பகுதித் தென்னை எப்படிச் சாய்ந்தது என்று உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அவருக்கு எண்பது மரத்தில் பதினொன்று மிஞ்சியது. அப்போதே வயது எழுபது. மறு ஆண்டு தென்னம்பிள்ளை வாங்கி வைத்தார். நெட்டை ரகம் காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். எழுபது வயதில் ஒருவர் ஆறேழு வருஷக் கணக்குப் போட்டு மண்ணைத் தோண்டுகிறார். அவருக்கு 1.83.

ஏன் என்று கேட்டால் சிரித்தார். "மரம் விழுந்துச்சு, குழி கெடந்துச்சு, பிள்ளைய வச்சேன். இதுல நான் எங்க இருக்கேன்?" நான் சீக்கிரம் எழுந்துவிடுவேன் என்று வாய்விட்டுச் சொல்வது அவருக்கு அகம்பாவம், சொன்னால் கண் படும் என்ற எண்ணமும் உண்டு. எப்படி இருக்கிறீர்கள் என்றால் 'ஏதோ ஓடுது' என்று சொல்லும் தலைமுறை அது. 'நான்' என்று தொடங்கும் ஒவ்வொரு கேள்வியிலும் அவர் தம்மைக் குறைத்துக்கொண்டே போயிருக்கிறார்.

சுருள்வில்லுக்கு வருகிறேன். வகுப்பில் நாம் தெரிந்த எடையைத் தொங்கவிட்டுத்தான் நீட்சியை அளக்கிறோம். 50 கிராமுக்கு இவ்வளவு, 100 கிராமுக்கு இவ்வளவு. எடை எவ்வளவு என்று தெரியாமல் நீட்சியை மட்டும் குறித்துவந்தால் அட்டவணையில் ஒரு நிரல் காலி. இந்த ஆறு கேள்வியில் அந்த நிரல் இல்லை. ஒன்றுமே இழக்காதவரும் எல்லாம் இழந்தவரும் ஒரே 3.00 வாங்கலாம்.

மீள்திறன் ஆய்வின் தொடக்ககாலப் பெரிய வேலைகளில் ஒன்று குழந்தைகளைப் பற்றியது, நமக்கு நெருக்கமானது. ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் குழுவினரும் அவர்கள் நாற்பது வயதை எட்டும் வரை பின்தொடர்ந்தார்கள். அங்கே முதலில் எடையைத்தான் குறித்தார்கள்: வறுமை, பிறப்புச் சிக்கல், வீட்டில் சண்டை, பெற்றோரின் மனநோய். இவற்றில் பலவும் சேர்ந்திருந்த குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாக வளர்ந்தார்கள். அப்படி வளர்ந்தவர்களுக்குப் பக்கத்தில் அக்கறையுள்ள ஒரு பெரியவராவது இருந்தார். சிலருக்கு அது ஆசிரியர். மீள்திறன் என்பது ஆளுக்குள் மட்டும் இல்லை, பக்கத்திலும் இருக்கிறது என்று அப்போதே தெரிந்திருக்கிறது. பிறகு வந்த குறும் வினாத்தாள்கள் அந்தப் பக்கத்து ஆளைக் கேட்பதை விட்டுவிட்டன.

படிக்காதவர்களுக்காகத் தேர்வை மாற்றலாமா, தரம் குறையாதா என்று ஒரு சந்தேகம் வரும். மாற்றியிருக்கிறார்கள். முதியோரின் நினைவாற்றலைச் சோதிக்க உலகமெங்கும் ஒரு சிறு தேர்வு உண்டு. அதில் 'கண்ணை மூடு' என்று எழுதிக் காட்டுவார்கள், படித்து அப்படியே செய்ய வேண்டும். ஒரு வாக்கியம் எழுதவும் வேண்டும். ஹரியானாவின் பல்லப்கர் பகுதிக் கிராமங்களில், பள்ளிக்கே போகாத முதியவர்களுக்காக 1990களில் இதை இந்தியில் மாற்றியமைத்தபோது, 'என் முகத்தைப் பார்த்து நான் செய்வதையே செய்யுங்கள்' என்று சொல்லிவிட்டுக் கேட்பவரே கண்ணை மூடிக்காட்டினார். வாக்கியம் எழுதுவதற்குப் பதில் உங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்றார்கள். எழுத்தறிவை அளக்காமல் நினைவை அளக்க வழி கண்டார்கள். வினாத்தாள் தயாரிக்கும் நமக்கு இது புரியும். கணக்குத் தேர்வில் தோற்ற பிள்ளை சில நேரம் கணக்கில் தோற்றிருக்காது, கேள்வியின் தமிழில் தோற்றிருக்கும்.

அந்தப் பிள்ளையும் நானும் மறுபடி உட்கார்ந்தோம். அளவுகோலைத் தூக்கி எறியவில்லை. நூறு பேரை மொத்தமாகப் பார்க்க, ஒரு திட்டத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட, அது உதவும் என்றே நினைக்கிறேன். ஓர் ஆளுக்கு உதவி வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்க அது போதாது. இரண்டாம் முறை நான் போகவில்லை. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடுவீடாக மாத்திரை கொண்டுபோகும் அக்கா ஒருவரோடு அவள் போனாள். அவர் முன்னால் யாரும் நல்ல பெயர் வாங்கத் தேவையில்லை. கால் வீங்கியிருப்பதை அவரிடம் ஏற்கெனவே காட்டியிருக்கிறார்கள்.

ஆறு கேள்விக்கு முன்னால் நான்கு கேள்வி சேர்த்தாள். இந்த ரெண்டு வருஷத்தில் வந்த பெரிய கஷ்டம் என்ன? அதற்கு மறுநாள் என்ன செய்தீர்கள்? யாரிடம் போய்க் கேட்டீர்கள்? அதற்கு முன் செய்துகொண்டிருந்த எந்த வேலையை இப்போதும் செய்கிறீர்கள், எதை விட்டீர்கள்? புளியங்கொட்டை கிடையாது. சொல்வதைச் சொன்னபடி எழுதிக்கொண்டாள். உடம்பின் தெம்புக்கு, நாற்காலியிலிருந்து முப்பது வினாடியில் கையூன்றாமல் எத்தனை முறை எழ முடிகிறது என்ற வழக்கமான சோதனை. பல வீட்டில் நாற்காலியே இல்லை. பள்ளியிலிருந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனாள். தெருவே கூடிச் சிரித்தது. எழுபது வயது வரை தரையிலிருந்து எழுந்தவர்களுக்கு நாற்காலி ஒரு சோதனையா என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

'மறுநாள் என்ன செய்தீர்கள்' என்ற கேள்விக்குத்தான் வாய் திறந்தது. அப்பாயி இரண்டு வருஷக் கணக்கை விட்டுவிட்டு நேராகக் கஜாவுக்குப் போய்விட்டார். மறுநாள் விடிந்தபோது வீட்டுக்கூரை இல்லை, தெருவெல்லாம் தென்னை. அழுதீர்களா என்றால், அழுதேன், மத்தியானம் வரைக்கும் என்றார். பிறகு பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு விழுந்து கிடந்த மட்டைகளில் ஈர்க்கு உரித்திருக்கிறார். கரண்டு வர வாரக்கணக்கானது. அது வருவதற்குள் கட்டுக்கட்டாக விளக்குமாறு கட்டி முடித்திருந்தார்கள்.

யாரிடம் போய்க் கேட்டீர்கள் என்ற கேள்விக்கு மட்டும் "யாருட்டப் போயிக் கேக்குறது" என்றார். தாளில் அந்த இடம் காலியாக இருந்தது. 3.00 என்ற எண்ணில் இந்தக் காலியிடம் தெரியவில்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மீள்திறன் உயர்வு என்று ஒருவருக்கு எண் கிடைத்துவிட்டால், 'அவங்க தாங்கிக்குவாங்க' என்று விட்டுவிட நமக்கு ஒரு சாக்கும் கிடைத்துவிடுகிறது. வகுப்பிலும் இதைச் செய்கிறோம். தாயில்லாத பிள்ளை தானே தலைவாரிக்கொண்டு நேரத்துக்கு வந்தால் கெட்டிக்காரி என்று பாராட்டிவிட்டுப் பாடத்துக்குப் போய்விடுகிறோம். சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. கீற்று முடைந்து படியரிசி சம்பாதித்த அப்பாயி கெட்டிக்காரர்தான். அவருக்கு அந்த இரண்டு மாத அரிசியும் வந்திருக்க வேண்டும்.

ரேஷனுக்குப் பதிலாள் நியமிக்கும் படிவத்தை நான்தான் வாங்கிக்கொண்டு போனேன். பக்கத்து வீட்டுப் பேத்தி முறையுள்ள பெண்ணின் பெயரை எழுதினோம். பழக்கதோஷத்தில் ரேகை வைக்க மைப்பெட்டியை நீட்டிவிட்டேன். "பேனாவக் குடுங்க டீச்சரு" என்றார். நான்கெழுத்துப் பெயர். மூன்று நிமிடம் பிடித்தது. கடைசி எழுத்து கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. அடுத்த மாதம் அரிசி வந்துவிட்டது. மையத்தில் மறுபடி கடைசி வரிசையில்தான் உட்காருகிறார். முன்னால் வரச் சொன்னால் வருவதில்லை.

அந்த நான்கு கேள்விகளையும் ஒரு பக்கத் தாளாக நகலெடுத்து வந்திருக்கிறேன். பின்வாசல் மேசையில் இருக்கிறது. உங்கள் மையத்தில் கேட்பதானால் நீங்கள் கேட்காதீர்கள், அவர்களுக்குப் பழக்கமான வேறு யாரையாவது கேட்கச் சொல்லுங்கள். கடைசிக் கேள்விக்குக் கீழே இரண்டு வரி இடம் விட்டிருந்தேன், அது போதவில்லை; தாளின் பின்பக்கத்தையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.